ஓட வைப்பது பாதி வேலை

பனிக்காலம் கழிந்து மரங்கள் துளிர்க்கத் தொடங்கும் நாட்களில் நியூ ஜேர்சியின் புறநகர் வீதிகளில் ஒரு காட்சியை நாம் தவறாமல் காண்கின்றோம். வீட்டின் பின்வளவில் தார்ப்பாய் போர்த்தபடி ஆண்டுக்கணக்காகக் கிடந்த பழைய மோட்டார் சைக்கிள் ஒன்று வெளியே தள்ளிவரப்பட்டு, "விற்பனைக்கு" என்ற அட்டையுடன் முற்றத்துப் புற்தரையில் நிற்கும். விலை சில நூறு டொலர்கள் மட்டுமே. எம்மவர் அதனைக் கடந்து செல்கையில் ஒரு கணம் நின்று பாராமற் போவதில்லை.

இதற்குக் காரணங்கள் உண்டு. புதிதாக வந்து சேர்ந்து தஞ்சக் கோரிக்கையைச் சமர்ப்பித்துவிட்டுக் காத்திருக்கும் ஒருவருக்குக் கிடைப்பது பெரும்பாலும் இரவு வேலை. களஞ்சியங்களும் தொழிற்சாலைகளும் இருக்கும் இடங்களுக்கு நள்ளிரவில் பஸ் இல்லை. கார் வாங்கப் பணம் போதாது. இவற்றுக்கு அப்பால், எவரும் வாய்விட்டுச் சொல்லாத காரணம் ஒன்றும் இருக்கின்றது. பெற்றோல் தாங்கியின் பக்கத்தில் எழுதியிருக்கும் "ஹொண்டா" என்ற பெயர், தந்தையோ தமையனோ ஊரில் ஓடிய வண்டியின் பெயர்.

நாமும் அவ்வாறுதான் ஒன்றை வாங்கினோம். 1972 ஆம் ஆண்டில் தயாரிக்கப்பட்ட ஹொண்டா சி.பி. 350. இரண்டு சிலிண்டர்கள், இரண்டு காபரேற்றர்கள், முன்னும் பின்னும் டிரம் பிறேக். 1968 முதல் 1973 வரை அமெரிக்காவில் பெருமளவில் விற்பனையான வகை இது. ஆகையால் இன்றும் உதிரிப்பாகம் கிடைக்கின்றது. எமது வண்டி பதினொரு ஆண்டுகள் ஓடாமல் நின்றது. எமது வீட்டில் தங்கியிருந்த உறவுமுறைத் தம்பி ஒருவருக்கு வேலைக்குப் போய்வர அதனைத் திருத்திக் கொடுப்பதே எமது நோக்கம். இங்கே பிறந்த எமது மகனும் உதவிக்கு வந்தான். நான்கு கிழமைகளில் முடித்துவிடலாம் என்று நாம் கணக்கிட்டோம். ஏனென்றால் நாம் பயின்ற பள்ளிக்கூடம் அத்தகையது.

மண்ணெண்ணெயில் ஓடிய காலம்

1990 ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் போர் மீண்டும் மூண்டதும் வடக்கின் மீது பொருளாதாரத் தடை விழுந்தது. பெற்றோலும் டீசலும் பற்றறியும் தடைப் பட்டியலிற் சேர்ந்தன. மின்சாரம் நின்றது. மண்ணெண்ணெய் மட்டும் குறைந்த அளவில், கூடிய விலையில் கிடைத்தது. அந்த மண்ணெண்ணெயைக் கொண்டே யாழ்ப்பாணம் தோட்டத்துக்கு நீர் இறைத்தது, விளக்கேற்றியது, மோட்டார் சைக்கிளும் ஓடியது.

அந்த வித்தையை அறியாத இளையோருக்காக அதனை இங்கே சொல்லி வைக்கின்றோம். பெற்றோல் குளிரிலும் ஆவியாகும். மண்ணெண்ணெய் சூடேறினாற்றான் ஆவியாகும். ஆகவே குளிர்ந்திருக்கும் எஞ்சினை மண்ணெண்ணெயால் இயக்க முடியாது. சிறிய மருந்துப் போத்தலில் பொன்போலப் பாதுகாத்த பெற்றோலில் சில துளிகளைக் காபரேற்றருக்குள் விட்டு உதைத்தால் எஞ்சின் பற்றிக்கொள்ளும். அது சூடேறியதும் தாங்கியில் இருக்கும் மண்ணெண்ணெயை உறிஞ்சி ஓடத் தொடங்கும். கண்ணைக் கரிக்கும் வெண்புகை பின்னால் எழும். வழியில் நின்றுவிட்டாலோ மீண்டும் போத்தலைத் தேட வேண்டும்.

இதற்கு எஞ்சின் கொடுத்த விலையும் சிறிதன்று. முற்றாக எரியாத மண்ணெண்ணெய் பிளக்கிலும் பிஸ்ரன் தலையிலும் கரியாகப் படிந்தது. மிச்சம் கீழே கசிந்து ஒயிலுடன் கலந்து அதனை நீர்க்கச் செய்தது. ஆயினும் அன்று அந்த விலையை எவரும் கணக்குப் பார்க்கவில்லை. நோயாளி ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்ந்தாற் போதும், பிள்ளை பரீட்சைக்குப் போய்ச் சேர்ந்தாற் போதும் என்ற நிலை. 1995 ஒக்ரோபர் இறுதியில் வலிகாமம் முழுவதும் தென்மராட்சி நோக்கிப் பெயர்ந்த அந்த இரவிலும் எத்தனையோ குடும்பங்களின் மூட்டைகளைச் சுமந்தவை இத்தகைய வண்டிகளே.

அதன் பின்னர் 2022 ஆம் ஆண்டில் இலங்கை முழுவதுமே எரிபொருளுக்கு வரிசையில் நின்றது. அவ்வாண்டு ஜூலையில் பங்கீட்டு முறை வந்தபோது மோட்டார் சைக்கிளுக்குக் கிழமைக்கு 4 லீற்றர் என்று விதித்தார்கள். அச்செய்தியைப் படித்தபோது எம்முள் எழுந்த உணர்வைப் பெருமிதம் என்று சொல்லக் கூச்சமாக இருக்கின்றது. ஆனால் அது பெருமிதமே. "இதையெல்லாம் நாங்கள் முப்பது வருடத்துக்கு முன்பே பார்த்துவிட்டோம்" என்று எமக்குள் சொல்லிக்கொண்டோம்.

அந்தப் பெருமிதத்தோடுதான் நாம் கராஜுக்குள் நுழைந்தோம். அதுவே எம்மை ஒரு நாள் ஏமாற்றவும் செய்தது.

முதலில் பத்திரம், பிறகு ஸ்பனர்

ஸ்பனரை எடுக்குமுன் பார்க்க வேண்டியது உரிமைப் பத்திரம். இந்நாட்டில் இதனை "டைட்டில்" என்பார்கள். விற்பவரின் பெயரும் பத்திரத்திலுள்ள பெயரும் ஒன்றாக இருக்க வேண்டும். பத்திரத்திலுள்ள இலக்கமும் வண்டியின் கழுத்தில் பொறித்துள்ள இலக்கமும் ஒன்றாக இருக்க வேண்டும். 1981 ஆம் ஆண்டு மாதிரிகளிலிருந்து இந்த இலக்கம் 17 எழுத்துகளும் எண்களும் கொண்டது. அதற்கு முந்திய வண்டிகளில் குறுகியதாக இருக்கும். பத்திரம் தொலைந்துவிட்டது, பிறகு தருகின்றேன் என்று சொல்பவரிடம் எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் வாங்குவது புத்தியன்று.

மாநிலத்துக்கு மாநிலம் விதிகள் வேறுபடுகின்றன. கலிபோர்னியாவில் ஓடாமல் நிற்கும் வண்டியை "ஓட்டத்தில் இல்லை" என்று முன்னைய உரிமையாளர் அறிவியாது விட்டிருந்தால், பதிவுக் கட்டண நிலுவை வாங்குபவரின் தலையில் வந்து விழலாம். சான் ஹொசேயிலும் ஃபிரீமொன்றிலும் உள்ள எமது வாசகர்கள் பணத்தைக் கொடுக்குமுன் இதனை விசாரித்துக்கொள்வது நல்லது. ரெக்சாசில் 2025 ஜனவரி முதல் தனியார் வாகனங்களுக்கான வருடாந்தப் பாதுகாப்புப் பரிசோதனை நீக்கப்பட்டுவிட்டது. இதனைச் சலுகை என்று எண்ணிவிடலாகாது. வண்டியின் பிறேக்கைப் பார்த்துச் சொல்ல இனி அங்கே எவரும் இல்லை. பார்க்கும் பொறுப்பு முழுவதும் உரிமையாளருடையது.

சாரதி அனுமதிப்பத்திரத்திலும் வேறுபாடு உண்டு. கலிபோர்னியாவில் 2015 முதலும், நியூ ஜேர்சியில் 2021 மே மாதம் முதலும் குடிவரவு நிலை எதுவாயினும் சாரதி அனுமதிப்பத்திரத்துக்கு விண்ணப்பிக்கலாம். ரெக்சாசில் சட்டபூர்வமாகத் தங்கியிருப்பதற்கான சான்று வேண்டும். மோட்டார் சைக்கிளுக்கென்று தனியான தகுதி மூன்று மாநிலங்களிலும் தேவை. ரெக்சாசில் புதிதாக அத்தகுதியைப் பெறும் அனைவரும் பயிற்சி வகுப்பு முடித்திருக்க வேண்டும். நியூ ஜேர்சியில் அடிப்படைப் பயிற்சி வகுப்பில் தேறியவருக்கு வீதிப் பரீட்சை விலக்களிக்கப்படுகின்றது. காப்புறுதி மூன்றிலும் கட்டாயம்.

தஞ்சம் கோரியிருப்போர் இதனை இன்னொரு கண்கொண்டும் நோக்க வேண்டும். தஞ்ச விண்ணப்பப் படிவத்திலேயே இந்நாட்டில் கைது செய்யப்பட்டதுண்டா, குற்றஞ்சாட்டப்பட்டதுண்டா என்ற கேள்வி இருக்கின்றது. அனுமதிப்பத்திரமோ காப்புறுதியோ இல்லாமல் வீதியில் இறங்குவது, எத்தனையோ இன்னல்களைக் கடந்து வந்த ஒருவர் நானூறு டொலர் வண்டிக்காகத் தமது வழக்கையே பணயம் வைப்பது போன்றது. ஏற்கெனவே அத்தகைய தவறு நேர்ந்திருந்தால் அதனை மறைக்காமல் தமது சட்டத்தரணியிடம் சொல்லிவிடுவதே நன்று.

கராஜ் கொட்டில் அன்று

எமது ஊரில் வண்டி திருத்தும் இடம் பெரும்பாலும் நான்கு பக்கமும் காற்றோடும் ஓலைக் கொட்டில். இங்கோ கராஜ் என்பது வீட்டோடு ஒட்டிய மூடிய அறை. அதன் மேலேயே பிள்ளைகள் உறங்கும் அறை இருக்கலாம். பனிக்காலத்தில் குளிருக்கு அஞ்சிக் கதவை மூடிவிட்டு எஞ்சினை இயக்கினால் வெளிவரும் காபனோரொட்சைட்டு வாயு உயிரைக் குடிக்கும். அதற்கு நிறமில்லை, மணமில்லை. தலைவலியும் மயக்கமும் வந்தபிறகு எழுந்து நடக்கவும் முடியாமற் போகும். கதவைப் பாதி திறந்து வைத்தாலும் போதாது. எஞ்சினை இயக்குவதானால் வண்டியை வெளியே தள்ளிக்கொண்டு போக வேண்டும்.

இன்னொன்றும் உண்டு. பல வீடுகளில் எரிவாயுவில் இயங்கும் நீர்ச்சூடேற்றி கராஜிலேயே நிற்கும். அதனுள்ளே சுடர் எரியும். பெற்றோலின் ஆவி காற்றிலும் பாரமானது. நிலத்தோடு படர்ந்து சென்று அந்தச் சுடரைத் தொடும். ஆகவே தாங்கியை வெளியிற்றான் கழற்றினோம், வெளியிற்றான் வடித்தோம். பழைய பெற்றோலை வடிகாலில் ஊற்றுவது குற்றம். கவுண்டி நிர்வாகம் அபாயகரக் கழிவுகளைச் சேகரிக்கும் நாளில் அதனைக் கொண்டுபோய்க் கொடுத்தோம்.

எஞ்சினின் கதை

நெடுநாள் நின்ற எஞ்சினைக் கண்டதும் உதைத்துப் பார்ப்பது பலரது வழக்கம். அது தவறு. சிலிண்டர் சுவரில் ஒயில் வற்றியிருக்கும். மெல்லிய கறளும் இருக்கலாம். பிளக்குகளைக் கழற்றி ஒவ்வொரு துவாரத்திலும் சிறிது ஒயில் விட்டு ஓரிரு நாள் ஊறவைத்த பின்னர் கையால் மெல்லச் சுழற்ற வேண்டும். தடையின்றிச் சுழன்றால் பாதிக் கவலை நீங்கும். பழைய ஒயிலை முழுவதும் வடித்துப் புதியது விட வேண்டும்.

தாங்கிக்குள் கறள் இருந்தது. வினாகிரி நிரப்பி இரண்டு நாள் வைத்து, ஊற்றிவிட்டு, அப்பச்சோடா கரைத்த நீரால் அலசி உடனே உலர்த்தினோம். உலர்த்தாமல் விட்டால் ஒரே இரவில் மீண்டும் கறள் பிடிக்கும்.

இந்நாட்டுப் பெற்றோலில் பத்தில் ஒரு பங்கு அளவுக்கு எதனோல் கலந்திருக்கும். அது ஈரத்தை இழுக்கும். பழைய இறப்பரைக் கெடுக்கும். பழுதடைந்த பெற்றோல் காபரேற்றரின் நுண்துளைகளில் வார்னிஷ் போல இறுகிவிடும். அத்துளைகளைக் கம்பியால் குத்தினால் துளை பெரிதாகி அளவு கெடும். கரைப்பானில் ஊறவைத்துக் காற்றால் ஊத வேண்டும்.

இங்கேதான் மகன் எமக்கு முதற் பாடம் சொன்னான். காபரேற்றரின் குறுக்குக்கீறல் ஸ்குரூக்களை நாம் வழக்கமான ஸ்குரூ டிறைவரால் கழற்ற முயன்றோம். இரண்டு ஸ்குரூக்களின் தலை தேய்ந்துபோயிற்று.

"அப்பா, அது பிலிப்ஸ் இல்லை, ஜப்பான் அளவு. அதுக்கு வேறு டிறைவர் இருக்கு" என்றான் அவன்.

உண்மைதான். ஜப்பானிய வண்டிகளில் உள்ளவை ஜே.ஐ.எஸ். என்னும் ஜப்பானியத் தர அளவுக்கு வெட்டப்பட்டவை. கண்ணுக்கு ஒன்றுபோலத் தெரிந்தாலும் பிலிப்ஸ் டிறைவர் அவற்றில் முழுவதும் இறங்காமல் வழுக்கித் தலையைத் தின்றுவிடும். பல ஆண்டுகளாக ஜப்பானிய வண்டிகளைக் கழற்றிப் பூட்டிய எமக்கு இது தெரியாது. தலை தேய்ந்த ஸ்குரூவைத் தட்டிக் கழற்றும் கலைதான் தெரியும்.

இரண்டாவது பாடம் வால்வு இடைவெளியில் வந்தது. நாம் வேலை பழகிய பட்டறையில் அளவுத் தகடு இருக்கவில்லை. சவர அலகு ஒன்றையே வால்வின் இடையில் நுழைத்துப் பார்ப்போம். அந்த அலகின் தடிப்பு ஏறக்குறைய 0.1 மில்லிமீற்றர். இந்த வண்டியில் புகை வெளியேறும் வால்வுக்குத் தயாரிப்பாளர் சொல்லும் இடைவெளியும் அதே 0.1 மில்லிமீற்றர். "பார்த்தீர்களா!" என்று நாம் பெருமையோடு சொன்னோம். ஆனால் காற்று உட்புகும் வால்வுக்கு வேண்டியது 0.05 மில்லிமீற்றர், அதாவது அதிற் பாதி. அலகை இரண்டாக மடித்தால் தடிப்புக் கூடுமேயன்றிக் குறையாது. இடைவெளி கூடினால் எஞ்சின் சத்தமிடும். அளவிலும் குறைந்தாலோ வால்வு முற்றாக மூடாமல் எரிந்துபோகும். சில டொலருக்கு விற்கும் தகட்டளவியை வாங்கி வந்து அளந்தோம்.

மூன்றாவது விடயத்தில் மட்டும் எமது பழைய கல்வி வென்றது. கறள் நீக்கிய தாங்கியை நம்பி உடனே பூட்டாமல், சிறிய போத்தல் ஒன்றை உயரத்தில் தொங்கவிட்டுக் குழாய் மூலம் காபரேற்றருக்குப் பெற்றோல் கொடுத்தோம். தம்பி சிரித்தார். "அண்ணை, அம்மா சொல்லுவா, அப்பா சாமியறையிலதான் பெற்றோல் போத்தலை வைச்சிருந்தவராம்" என்றார். தடைக்காலத்தை அவர் கண்டதில்லை. கதையாகக் கேட்டவர் மட்டுமே. ஆறாவது உதையில் எஞ்சின் உயிர்பெற்றது. மூவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். அந்தச் சத்தத்தைக் கேட்டு வீட்டுக்குள்ளிருந்த எல்லோரும் வாசலுக்கு வந்துவிட்டார்கள்.

மஞ்சள் பஸ்

இனி எழுதப்போவது எழுதக் கூச்சமான பகுதி. ஆயினும் இதற்காகவே இக்கட்டுரையை எழுத நினைத்தோம்.

எஞ்சின் ஓடியதும் வேலை முடிந்துவிட்டது என்று நாம் எண்ணினோம். பத்திரங்கள் சரியாக இருந்தன, காப்புறுதியும் எடுத்தாயிற்று. ரயர்களில் பூ நன்றாகவே தெரிந்தது. முன்பிறேக் சற்றுத் தளர்வாக இருந்தது. கேபிளின் நட்டை இறுக்கிச் சரிக்கட்டினோம். டிரம்மைத் திறந்து பார்க்கவில்லை. மறுநாள் தம்பியிடம் சாவியைக் கொடுப்பதாக ஏற்பாடு. அதற்குமுன் ஒருமுறை ஓடிப்பார்ப்போம் என்று நாமே ஏறினோம்.

எமது வீதியின் முடிவில் பள்ளிக்கூட பஸ் ஒன்று நின்று சிவப்பு விளக்குகளைச் சிமிட்டியது. அவ்வேளையில் 25 அடிக்கு அப்பாலேயே நின்றுவிட வேண்டும் என்பது நியூ ஜேர்சிச் சட்டம். நாம் பிறேக்கைப் பிடித்தோம். கைப்பிடி முழுவதும் உள்ளே வந்தது, வண்டி நிற்கவில்லை. பின்பிறேக்கை மிதித்ததும் பின்சில்லு வழுக்கியது. வேகம் குறைவாக இருந்தமையால் ஓரத்துப் புற்தரையில் ஏறி, வேலியொன்றில் இடித்து நின்றோம். பஸ்ஸிலிருந்து இறங்கிய பிள்ளைகளில் ஒருவர் எம்மைத் திரும்பிப் பார்த்தார். எவருக்கும் ஒன்றும் நேரவில்லை. முழங்காலிற் சிறு காயம், அவ்வளவே.

வண்டியைத் தள்ளிக்கொண்டு வீடு வந்து முன்சில்லைக் கழற்றியபோது காரணம் தெரிந்தது. பிறேக் கட்டையில் ஒட்டியிருக்க வேண்டிய உராய்வுப் பட்டை பசை விட்டுக் கழன்று தனியாகக் கிடந்தது. ஐம்பது ஆண்டுப் பசைக்கு ஆயுள் முடிந்துவிட்டது. அது இன்னொரு விதமாகச் சிக்கியிருந்தால் சில்லு முற்றாக இறுகி எம்மைத் தூக்கி எறிந்திருக்கும். அது நிகழாமை எமது கெட்டித்தனத்தால் அன்று.

அன்றிரவு நாம் யோசித்தோம். ஊரில் ஏன் இவ்வாறு நேரவில்லை? விடை எளிது. அங்கே குண்டும் குழியுமான வீதியில், சைக்கிள்களின் நடுவே, புகைத்துக்கொண்டு போன வண்டிக்கு வேகமே இருக்கவில்லை. ஓடுவதுதான் அங்கே பிரச்சினை. நிற்பது பிரச்சினையே அன்று. எமது அறிவு முழுவதும் ஓட வைக்கும் அறிவாக வளர்ந்தது. இங்கே ரூட் 1 இலும் கார்டன் ஸ்டேட் பார்க்வேயிலும் நிலைமை நேர்மாறு. ஓட வைப்பது பாதி வேலை. நிற்க வைப்பது மறுபாதி. அந்தப் பாதியை நாம் ஒருபோதும் முறையாகப் படித்ததில்லை.

நிற்க வைக்கும் வேலை

அதன்பின் மேலும் ஆறு கிழமைகள் சென்றன. செய்தவற்றை வரிசையாகச் சொல்கின்றோம்.

ரயரின் பக்கச்சுவரில் டி.ஓ.ரி. என்ற எழுத்துகளைத் தொடரும் இலக்கங்களில் இறுதி நான்கையும் பார்க்க வேண்டும். 2314 என்றிருந்தால் 2014 ஆம் ஆண்டின் 23 ஆவது கிழமையில் செய்யப்பட்டது என்று பொருள். மூன்று இலக்கம் மட்டுமே இருந்தால் அது 2000 ஆம் ஆண்டுக்கு முந்தியது. எமது ரயர்களில் மூன்று இலக்கமே இருந்தது! பூ தேயவில்லை, ஆனால் இறப்பர் கல்லாக இறுகியிருந்தது. பின்சில்லு வழுக்கியமைக்குக் காரணம் அதுவே. இரண்டு ரயர்களையும் உள்ளே உள்ள ரியூப்களையும் மாற்றினோம்.

பிறேக் கட்டைகளைப் புதிதாக வாங்கினோம். பழைய டிரம்மைத் திறக்கும்போது அதிலுள்ள தூளை வாயால் ஊதுவதோ காற்றுக்குழாயால் அடிப்பதோ கூடாது. அக்காலத்துப் பட்டைகளில் அஸ்பெஸ்டோஸ் இருந்தது. அதன் தூள் நெஞ்சுக்குள் போனால் பல ஆண்டுகளின் பின்னரும் நோய் தரும். முகமூடி அணிந்து, ஈரத்துணியால் துடைத்து, அத்துணியைப் பையில் கட்டி அகற்றினோம். ஊரில் நாம் எத்தனை டிரம்களை வாயால் ஊதியிருப்போம் என்று எண்ணும்போது இன்று நெஞ்சு கனக்கின்றது.

பிறேக் கேபிள், கிளச் கேபிள், செயின் ஆகியன மாற்றப்பட்டன. சில்லின் கம்பிகளை ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்த்தோம். மந்தமாக ஒலிப்பது தளர்ந்த கம்பி. பிறேக்கைப் பிடித்தால் பின்விளக்கு எரிகின்றதா என்றும் பார்த்தோம். நாம் நிற்பதைப் பின்னால் வருபவர் அறிவதும் நிற்க வைக்கும் வேலையில் அடக்கம்.

ஹெல்மெட்டும் அதே கணக்கிற்றான் சேரும். நியூ ஜேர்சியிலும் கலிபோர்னியாவிலும் எல்லோரும் அணிய வேண்டும். ரெக்சாசில் 21 வயதைக் கடந்தவருக்குச் சில நிபந்தனைகளோடு விலக்கு உண்டு. சட்டம் விட்டாலும் தலை விடாது. மோட்டார் சைக்கிள் ஓட்டுநருக்கு ஏற்படக்கூடிய மரணங்களில் 37 வீதத்தை ஹெல்மெட் தடுக்கின்றது என்பது அமெரிக்க வீதிப் பாதுகாப்பு நிர்வாகத்தின் மதிப்பீடு.

எது சரிக்கட்டலாம், எது கூடாது

1968 ஆம் ஆண்டில் ராபர்ட் பேர்சிக் என்ற அமெரிக்கர் தமது சிறு மகனைப் பின்னால் ஏற்றிக்கொண்டு ஹொண்டா வண்டியொன்றில் மினசோட்டாவிலிருந்து சான் பிரான்சிஸ்கோ நோக்கிப் போனார். அப்பயணத்தை வைத்து அவர் எழுதிய நூல் 1974 இல் வெளிவந்து உலகெங்கும் விற்பனையாயிற்று. அந்த வண்டி இன்று ஸ்மித்சோனியனின் அமெரிக்க வரலாற்று அருங்காட்சியகத்துக்குரியது. அவர் உடன்கொண்டு போன ஆயுதங்களும் அதனோடு சேர்த்துக் கொடுக்கப்பட்டன.

அந்நூலில் ஒரு சம்பவம் வருகின்றது. நண்பரது விலையுயர்ந்த ஜேர்மன் வண்டியின் கைப்பிடி தளர்ந்துபோக, வெறும் பியர் தகரத்தை வெட்டி இடையில் வைத்தால் இறுகிவிடும் என்று கதைசொல்லி யோசனை கூறுகின்றார். நண்பருக்கு அது அவமதிப்பாகத் தோன்றுகின்றது. அப்பகுதியைப் படித்தபோது நாம் வாய்விட்டுச் சிரித்தோம். யாழ்ப்பாணத்து மெக்கானிக் எவரும் அந்த யோசனைக்கு மறுப்புச் சொல்லியிருக்க மாட்டார்!

ஆகவே சரிக்கட்டல் என்பது இழிவானதன்று. அது எம்மைக் காப்பாற்றிய கலை. ஆனால் அதற்கு ஒரு எல்லை வேண்டும். நாம் எமது மகனுக்கும் தம்பிக்கும் சொல்லிக்கொடுத்த எல்லை இதுதான். பழுதானால் வண்டி ஓடாமல் நின்றுவிடும் பாகங்கள் உண்டு, அவற்றைச் சரிக்கட்டலாம். பொய்த்தால் நாம் நடந்து வீடு போவோம், அவ்வளவே. பழுதானால் வண்டி நில்லாமற் போகும் பாகங்களும் உண்டு. பிறேக், ரயர், சில்லு, திருப்பும் கைப்பிடி ஆகிய இவற்றிற் சரிக்கட்டல் கூடாது. அங்கே புதிய பாகம், சரியான அளவு, சரியான ஆயுதம். பணம் இல்லையென்றால் பணம் சேரும்வரை வண்டி தார்ப்பாயின் கீழேயே இருக்கட்டும்.

செலவு வாங்கிய விலையின் இரண்டு மடங்கை எட்டியது. இதனை மறைக்க விரும்பவில்லை. மலிவு வண்டி என்று எதுவும் இல்லை. விலையை முன்னே கொடுப்பதா பின்னே கொடுப்பதா என்பதே வேறுபாடு.

தம்பி பயிற்சி வகுப்பை முடித்துத் தகுதியும் பெற்றார். ஜூன் மாதத்தில் சாவியை அவரிடம் கொடுத்தோம். அவர் உடனே எஞ்சினை இயக்கவில்லை. வண்டியை வாசலில் முன்னுக்குத் தள்ளி முன்பிறேக்கைப் பிடித்தார். பின்னுக்கு இழுத்துப் பின்பிறேக்கை மிதித்தார். குனிந்து ரயரை அழுத்திப் பார்த்தார். பின்விளக்கு எரிகின்றதா என்று மகனைப் பார்க்கச் சொன்னார்.

"எரியுது அண்ணா" என்றான் மகன்.

அதன் பிறகே உதைத்தார்.